காற்புள்ளி

‘வேண்டும்’ என்று முழுச் சொல்லாகச் சொல்லி முடிக்க எந்த வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? வேணும், வேணாம், அவ்வளவுதான். அவசரமென்றால் ஒரு தலையாட்டல், அதுவும் மிச்சம். பேச்சு என்பதே சொல்லை வாயில் போட்டு மென்று, பாதியை விழுங்கிவிட்டு மீதியை வெளியே விடுகிற சங்கதி. புத்தகத்தில் இருக்கிறபடி ஒருத்தன் வீட்டுக்குள் பேசினால், உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இந்த அற்ப விஷயம் ஒரு குடும்பத்தைப் படுத்திய பாட்டைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

மிளகுக்கு அப்போது ஐந்தே முக்கால் வயது. பிறந்தபோது கருப்பாக, உருண்டையாக, கையளவு இருந்தாள் என்று அவள் அப்பா வைத்த பெயர் அது. பதிவேட்டில் நீளமாக வேறொரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள். மிளகு என்று கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். வீட்டில் பிளாஸ்டிக் புட்டி மூடிகள் இருநூறுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றைச் சுவரோரமாக வரிசையாக அடுக்குவாள். வரிசை கலைந்தால் கத்துவாள். அந்தக் கத்தலுக்குக் கீழ்வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிற சத்தம் மூன்றாவது மாடிக்குக் கேட்கும்.

அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, காலை ஆறிலிருந்து இரண்டு வரை. அப்பா லிப்ட் பழுதுபார்ப்பவர். எந்தக் கட்டடத்தில் எது நின்றாலும் ஓட வேண்டும், நேரம் காலம் கிடையாது. அப்பாவின் தங்கை, மிளகின் அத்தை, மருந்துக்கடையில் மத்தியானத்துக்கு மேல் நிற்பாள். ஒருவர் உள்ளே வந்தால்தான் இன்னொருவர் வெளியே போக முடியும். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வாரத்தில் ஒரு நாள், அம்மாவுக்கு லீவு வருகிற அன்று மட்டும். மற்ற நாளெல்லாம் வாசல்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே, “பால் குடிச்சிட்டா, முட்டை துப்பிட்டா, காது பக்கம் தொடாதீங்க” என்று பிள்ளையைக் கைமாற்றுவதுதான் அந்த வீட்டுக் குடும்பப் பேச்சு.

பெரிய டாக்டரைப் பார்க்க ஒன்றரை வருஷம் வரிசை என்றார்கள். அதற்குள் குழந்தைகள் பயிற்சி மையத்துக்குப் பரிசோதனை மெஷின் வந்துவிட்டது. ஒரு அறை, கூரையின் நாலு மூலையிலும் கேமரா, தரையில் பொம்மைகள், எதிரே ஒரு திரை. திரையில் முகங்கள் வரும், சுற்றுகிற விசிறி வரும், ஒரு குரல் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கண் எதைப் பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது, கை எத்தனை தடவை உதறுகிறது என்று எல்லாவற்றையும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். இருபது நிமிஷத்தில் காகிதம் கொடுத்தது. ஆட்டிசம் இருக்கச் சாத்தியம் நூற்றுக்கு எண்பத்தேழு. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு டாக்டருக்குக் கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது.

அம்மா அழவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஒரு நிம்மதிகூட. ‘சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்’, ‘நீ சரியா கவனிக்கிறதில்ல’, ‘நீங்க மூணு பேரும் வேலைக்கு ஓடினா பிள்ளை யாரைப் பார்த்துப் பேசும்’ என்று ஆளாளுக்குச் சொல்லி மூன்று வருஷமாக அவளைக் கரைத்திருந்தார்கள். மெஷின் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

“மீதி பதிமூணு என்னவாம்?” என்று கேட்டார் அப்பா.

“அது உங்க வீட்டுப் பிடிவாதம்.”

“லிப்ட்டும் இப்படித்தான் தெரியுமா. நின்னுச்சுன்னா பலகையில ஒரு நம்பர் காட்டும். அந்த நம்பருக்கு என்ன செய்யணும்னு அதுக்குத் தெரியாது. கிரீஸைப் பூசிக்கிட்டு நான்தான் உள்ள இறங்கணும்.”

இறங்குவதற்கு ஒரு வழியும் மையமே கொடுத்தது. வாரம் ஒரு நாள் வகுப்பு, வீட்டில் தினம் சொல்லிக்கொடுக்கச் சிலேட்டு அளவில் ஒரு டேப். அதற்குள்ளே ஏஐ டீச்சர். பிள்ளையின் முகத்தைக் கேமராவில் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தும். சோர்ந்தால் பாடத்தை மாற்றும், எரிச்சலானால் குரலைத் தணிக்கும். ‘இது பந்து’ என்று நாற்பது தடவை சொல்லும், நாற்பதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்லும். அந்தப் பொறுமை பெற்றவர்களுக்கே கிடையாது என்பதை அந்த வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். குரல் மட்டும் செய்தி வாசிக்கிற அம்மாளின் குரல். ஒரு எழுத்து தேயாது, ஒரு புள்ளி உதிராது. அப்பா அதற்குச் செய்தியம்மா என்று பெயர் வைத்தார்.

ஐந்து மாதத்தில் மிளகுக்கு இருபத்துமூன்று சொல் வந்துவிட்டது. முதல் சொல் ‘மின்விசிறி’. அந்த வீட்டில் அந்தச் சாமானை ஃபேன் என்று தவிர வேறு பெயரில் யாரும் சொன்னது கிடையாது. ஐந்து வயது வரை வாய் திறக்காத பெண், கூரையைக் காட்டி ‘மின்விசிறி’ என்றபோது அத்தைக்குக் கையிலிருந்த தட்டு நழுவியது. பிறகு ‘பால் வேண்டும்’ வந்தது. ‘சத்தம் வேண்டாம்’ வந்தது.

வந்ததெல்லாம் செய்தியம்மாவிடம்தான். மனிதர்களிடம் ஒரு சொல் கிடையாது. பால் வேண்டுமென்றால் டேப் முன்னால் போய் நின்று ‘பால் வேண்டும்’ என்பாள். ‘மிக நன்று. இப்போது அம்மாவிடம் கேள்’ என்று அது சொல்லும். அவள் கேட்கமாட்டாள், டேப்பையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அம்மா பின்னாலிருந்து பாலைக் கொண்டுவந்து வைப்பாள். குடித்துவிட்டு மிளகு டேப்பைத் தடவிக்கொடுப்பாள். பால் வாங்கிக் காய்ச்சி ஆற்றியது ஒருத்தி, நல்ல பேர் இன்னொருத்திக்கு.

‘அம்மா’ என்கிற சொல்லும் அந்த இருபத்துமூன்றில் இருந்தது. மையத்தில் சொல்லி அம்மாவின் போட்டோவையே அதில் போட்டுக் கொடுத்தார்கள். போட்டோ வந்ததும் மிளகு சத்தமாக ‘அம்மா’ என்பாள். போட்டோவில் இருக்கிற ஆள் ஒரு அடி தள்ளி நிற்பாள், அவளை மிளகு ஏறிட்டும் பார்க்கமாட்டாள். அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இப்படி இருக்கும்போதுதான் மையத்துப் பயிற்சி டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டின நடுவயசுக்காரி. காலையிலிருந்து கத்தல் கேட்டு, சாயங்காலம் ரிப்போர்ட் எழுதி, குரலே பாதியாகிப் போனவள்.

“இன்னும் மூணு வாரத்துல ரிவ்யூம்மா. வார்த்தை எத்தனைன்னு அங்க யாரும் பார்க்க மாட்டாங்க. கருவிகிட்ட மட்டும் பேசினா அது பேச்சுன்னு சேராது. ஒரு தடவையாவது ஒரு ஆளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லணும். அம்மா, பால் வேணும். அப்பா, இங்க வா. ஏதோ ஒண்ணு. ரிவ்யூ அறையில, மெஷின் கேட்கற மாதிரி.”

“கேட்கலைன்னா டீச்சர்?”

“அடுத்த வருஷத்துக்கு இடம் கிடைக்காது. டேப்பையும் திருப்பிக் கொடுக்கணும். வரிசையில இருநூத்திப் பத்துப் பிள்ளைங்க நிக்குதும்மா. முன்னேறுற பிள்ளைக்குத்தான் தொடர்ந்து கொடுக்கணும்னு மேல சொல்லிட்டாங்க.”

“இருபத்துமூணு வார்த்தை பேசுறாளே. அது முன்னேற்றம் இல்லையா?”

“எனக்குத் தெரியும். என்கிட்ட கேட்டா முன்னேற்றம்தான். என்கிட்ட யாரு கேட்கிறாங்க?”

டேப் போனால் என்ன ஆகும் என்பதை அம்மா நினைத்துப் பார்த்தாள். இருபத்துமூன்று சொல்லும் யாரிடம் பேசப்படுகிறதோ அது போய்விட்டால், சொல் எல்லாம் வாய்க்குள்ளேயே திரும்பிப் போய்விடும். பிள்ளைக்கு அதைவிட்டால் வேறு ஆள் இல்லை. தானும் இல்லை என்பதுதான் அவளுக்கு வலித்தது.

அந்த வருஷம் வெயில் ஆளைக் கொன்றது. சலவைக்கூடத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு பக்கம் துவைக்கிற பீப்பாய்கள், ஒரு பக்கம் உலர்த்துகிற அறை, நடுவில் இஸ்திரி உருளை. உருளையிலிருந்து வழிகிற பெட்ஷீட்டைச் சூடு ஆறுமுன் இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து மடிக்க வேண்டும். எதிரெதிரே நின்று விரித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, மூலையைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய், மறுபடி வர வேண்டும். ஒன்பது வருஷமாக அவளுக்கு எதிர்முனை பிடிப்பது ஒரே ஆள்தான். இருவரும் கிட்டே வருகிற நேரத்தில் மட்டும்தான் பேச முடியும், மெஷின் இரைச்சல் அப்படி.

“உன் பொண்ணு பேசுறாளாமே,” என்றாள் எதிர்முனை அக்கா, மூலையைக் கொடுத்துக்கொண்டு.

பின்னால் போய்த் திரும்ப வந்தார்கள்.

“பேசுறாக்கா. டேப்புகிட்ட.”

“உன்கிட்ட?”

“என் முகத்தைக் கண்டாலே திரும்பிக்கிறா.”

இன்னொரு ஷீட் விரிந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு கறை போகாமல் இருந்தது. அதைத் தனியே எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள்.

“அது நம்ம மேல அடிக்கிற நெடிடி. இந்த பிளீச்சிங் நாத்தத்துக்கு என் வீட்டுக்காரரே சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுக்கிறாரு.”

“அவர் திரும்புறதுக்கு வேற காரணம் இருக்கும்.”

“வாயைப் பாரு. நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத் தொடு.”

“தோல் உரியுற அளவுக்குக் குளிச்சாச்சு. அவ மூக்கு நாய் மூக்கு. ரெண்டு ரூம் தள்ளி முட்டை வேகுறது தெரியும் அவளுக்கு.”

“அப்ப வேலையை விட்டுடு.”

“விட்டுட்டு?”

எதிர்முனை அக்கா அடுத்த ஷீட்டை இழுத்தாள். மூலையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள்.

அந்த வார லீவு நாளில்தான் அது நடந்தது. மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். மிளகு தரையில் மூடி அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா நாலு தடவை, “மிளகு, பால் வேணுமா? கண்ணு, பால் வேணுமா?” என்று கேட்டு ஓய்ந்துவிட்டாள். அப்பா ரொட்டியை மென்றுகொண்டே, சும்மா கேலிக்கு, குரலைச் செய்தியம்மா மாதிரி இழுத்து, “மிளகு, உனக்குப் பால் வேண்டுமா?” என்றார்.

“வேண்டும்,” என்றாள் மிளகு.

மேஜையில் மூன்று பேரும் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டார்கள். மிளகு அப்பாவைப் பார்க்கவில்லை. அலமாரிமேல் அணைத்து வைத்திருந்த டேப்பை அண்ணாந்து பார்த்தாள். பேசியது அதுதான் என்று நினைத்துவிட்டாள் போல.

“அண்ணா, இன்னொரு தடவை கேளு,” என்றாள் அத்தை மெதுவாக.

“ரொட்டி வேண்டுமா?”

“வேண்டாம்.”

“சாமி,” என்றார் அப்பா. “இவளுக்கு நம்ம பேச்சே புரியல. அஞ்சு மாசமா நாம வேற பாஷை பேசிட்டு இருக்கோம்.”

“வேணும்னா வேண்டும்தானே. இது கூடவா புரியாது?” என்றாள் அம்மா.

“உனக்கும் எனக்கும் அது ஒண்ணு. அவளுக்கு எப்படித் தெரியும்? நாம சொல்றது அவ காதுல வேற வார்த்தை. ஃபேனும் மின்விசிறியும் ஒண்ணுன்னு அவகிட்ட யார் சொன்னா?”

“அப்ப நாம என்ன பண்றது?”

“செய்தி வாசிக்க வேண்டியதுதான்,” என்றார் அப்பா.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. அத்தைக்கு அது தண்ணீர்பட்ட பாடு. தினம் மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற தாளைப் படிக்கிறவள். “அண்ணி, உப்பைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்” என்பாள். “அண்ணா, குளிக்கும் முன் நன்கு குலுக்கவும்” என்பாள். அப்பாவுக்கு ஆரம்பம் நன்றாக வரும், முடிவு வராது. “நான் வேலைக்குச் செல்கிறேன், சாவியை எங்கடி வச்சே?” என்பார்.

அம்மாவுக்குத்தான் நாக்கு எழவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்தத் தமிழில்தான் அவள் பெயிலானாள். அந்தத் தமிழில்தான் ஆஸ்பத்திரி நோட்டீசு வந்தது, ‘உரிய காலத்தில் வராவிடில்’ என்று அதட்டியது.

“சொல்லிப் பாரு,” என்றார் அப்பா.

“வெட்கமா இருக்குங்க.”

“பெத்த பிள்ளைகிட்ட என்ன வெட்கம்?”

“வெட்கம் இல்ல. எப்படிச் சொல்றது. அந்தப் பேச்சுல என்னை யாரும் ஆசையா ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதுல எப்படி நான் பிள்ளையைக் கொஞ்சுவேன்? கோர்ட்டுல கூண்டுல நிக்கிற மாதிரி இருக்கு.”

அப்பா அதற்குமேல் கேலி செய்யவில்லை.

ஆனாலும் பேசினாள். வேறு வழி? ‘என் தங்கமே, உறங்கு’ என்றாள். ‘கையை நீட்டு, நான் கழுவுகிறேன்’ என்றாள். ணகரமும் னகரமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வந்தன. இருந்தாலும் மிளகு தலையைச் சாய்த்துக் கேட்டாள். அதுவரை அம்மாவின் பேச்சு அவளுக்கு மழைச் சத்தம் மாதிரி இருந்திருக்க வேண்டும், இப்போது அதற்குள் சொல் தெரிந்தது. கேட்டதற்கு நாளுக்கு ஒன்றிரண்டு பதில் வந்தது, சுவரைப் பார்த்து. தானாக அழைத்து ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு பழகிப்போய், சலவைக்கூடத்தில் மேஸ்திரியிடமே அம்மா ஒரு நாள், “ஐயா, எனக்குப் புதன்கிழமை சரியாக இரண்டு மணிக்குச் செல்ல வேண்டும்” என்று சொல்லிவிட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்து, “யாரும்மா எழுதிக் கொடுத்தது?” என்றார். எதிர்முனை அக்கா பெட்ஷீட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் புதன்கிழமைதான் ரிவ்யூ. இரண்டு மணிக்கு மாற்று ஆள் வரவில்லை, வந்தபோது இரண்டே முக்கால். வீட்டுக்குப் போய்க் குளிக்க நேரமில்லை. அத்தை பிள்ளையை மையத்து வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஆறு பேரோடு ஒரு லிப்ட் நின்றுவிட்டதாகப் போன் வந்தது. அம்மா மையத்துக் குழாயில் கையை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள். நெடி அப்படியே இருந்தது.

அதே அறை, அதே நாலு கேமரா. டீச்சர் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். “இருபது நிமிஷம்மா. வீட்டுல இருக்கிற மாதிரியே இருங்க,” என்றாள். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அம்மா தரையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, “மிளகு, உனக்குப் பந்து வேண்டுமா?” என்று ஆரம்பித்தபோது டீச்சரின் புருவம் ஏறியது. வேர்த்துக் களைத்துத் தலையில் பஞ்சுத்தூசி ஒட்டின ஒரு பெண்பிள்ளை செய்தி வாசிப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஏறும். அம்மா அதைக் கவனித்தாள், நிறுத்தவில்லை. “பொம்மை வேண்டுமா? நீர் வேண்டுமா? அம்மாவைப் பார். அம்மா இங்கே இருக்கிறேன்.”

மிளகு ஒன்றுக்கும் திரும்பவில்லை. கொண்டுவந்த மூடிகளைப் பையிலிருந்து கொட்டி அடுக்கினாள். பத்து நிமிஷம் போயிற்று, பதினைந்து போயிற்று. அம்மாவின் முதுகில் வேர்வை ஓடியது. இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள் வாசலில் நிற்பது மாதிரியே இருந்தது அவளுக்கு.

ஒரு நீல மூடி உருண்டு அவள் காலடிக்கு வந்தது. எடுத்துக்கொண்டு குனிந்து, மகளின் முகத்துக்கு நேரே நீட்டி, “மூடி வேண்டுமா?” என்றாள்.

மிளகின் மூக்கு சுருங்கியது. இரண்டு கையாலும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள்.

“அம்மா வேண்டாம்.”

பளிச்சென்று, மணி மாதிரி. போட்டோவுக்கு இல்லை, டேப்புக்கு இல்லை. அம்மா என்று காதில் விழுந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு ஆட்டம் ஆடியது. அரை நொடிதான். அடுத்த சொல்லும் கூடவே விழுந்துவிட்டது. மிளகு, தள்ளின கையிலிருந்து கீழே விழுந்த மூடியைப் பொறுக்கி வரிசையில் அதன் இடத்தில் வைத்தாள்.

நேரம் முடிந்து விளக்கு எரிந்தது. டீச்சர் திரையை அம்மா பக்கம் திருப்பினாள். அவள் முகத்தில் எப்போதும் இல்லாத ஒரு பரபரப்பு இருந்தது.

“பேசிட்டாம்மா. யாரும் சொல்லிக்கொடுக்காத பேச்சு. அந்த ரெண்டு வார்த்தையைச் சேர்த்து நாங்க பாடத்துல வைக்கவே இல்ல.”

“அப்ப இடம் உண்டா?”

“அதுலதான் ஒரு சிக்கல். இங்க பாருங்க, ரெண்டு விதமா எழுதிக் காட்டுது. ‘அம்மா, வேண்டாம்.’ நடுவுல கமா. அதாவது உங்களைக் கூப்பிட்டு, இந்த மூடி வேண்டாம்னு சொல்றா. கூப்பிட்டுச் சொன்னதாக் கணக்கு, இடம் உறுதி. கீழே பாருங்க, ‘அம்மா வேண்டாம்.’ கமா இல்ல. அதாவது...”

டீச்சர் திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

“புரியுது டீச்சர்.”

“அதுவும் நல்ல பேச்சுதாம்மா. ரெண்டு வார்த்தை சேர்த்திருக்கா. ஆனா யாரையும் கூப்பிடல. விதிப்படி அது சேராது.”

“மெஷின் என்ன சொல்லுது?”

“அதுக்கு ரெண்டும் பாதிக்குப் பாதி. வீட்டு ஆளைக் கேளுன்னு சொல்லுது. பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும். எது சரின்னு நீங்கதான் தொடணும்.”

அம்மாவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. ஐந்து மாதமாக நாள் தவறாமல் கேட்ட ராகம் அது. பால் வேண்டாம். சத்தம் வேண்டாம். மிளகு ஒன்றை மறுத்தால் இடையில் மூச்சுகூட விடமாட்டாள். மூடி வேண்டாம் என்றால் மூடியைத் தள்ளியிருப்பாள். தள்ளியது கையை. மூடியை எடுத்துக்கொண்டாள். கேமரா நாலும் அதைப் பார்த்தன, அவற்றுக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரிந்தது.

நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் இங்கதான் இருந்தேன். எனக்கும் காது இருக்கு,” என்றாள் டீச்சர், தணிந்த குரலில். “ஆனா என்னைக் கேட்கல.”

“கமா போட்ட இடம் எது டீச்சர்? எழுத்து சின்னதா இருக்கு.”

“மேல.”

அம்மா மேலே தொட்டாள். பிளீச்சிங்கில் வெந்து வெளுத்த விரல், முதல் தடவை மெஷினுக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை அழுத்தித் தொட்டாள். பச்சையாக ஒரு குறி வந்தது. டீச்சர் அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடப் போனாள்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் பாதி பெஞ்சுக்குத்தான் இருந்தது. அம்மா எப்போதும்போல மிளகை ஒட்டி உட்கார்ந்து மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிரே ரோடு, வண்டிகள் பறந்தன. வாரா வாரம் அந்தப் பெஞ்சில் யுத்தம்தான். மிளகு கையை உருவுவாள், கத்துவாள், அம்மாவின் கையைக் கடிப்பாள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போவார்கள். பஸ் வரும்போது அம்மாவுக்கு ஏறத் தெம்பு இருக்காது.

போன் அடித்தது. அப்பா.

“லிப்டைத் திறந்தாச்சு, ஆறு பேரும் பத்திரம். அங்க என்னாச்சு?”

“இடம் கிடைச்சிடுச்சுங்க.”

“பேசினாளா?”

“பேசினா.”

“என்ன சொன்னா? ஏய், என்ன சொன்னா?”

“அம்மான்னா.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். யாரிடமோ, “என் பொண்ணு அவ அம்மாவைக் கூப்பிட்டுட்டாப்பா” என்று சொல்வது கேட்டது. திரும்ப வந்து, “வேற? வேற என்ன சொன்னா?” என்றார்.

“வேற ஒண்ணும் சொல்லலங்க. பஸ் வருது, வைக்கிறேன்.”

பஸ் எதுவும் வரவில்லை. போனைப் பையில் போட்டாள். பொய் சொன்னதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. இருநூற்றுப் பத்தில் யாரோ ஒருத்தியின் பிள்ளைக்குப் போக வேண்டிய இடம் என்பது மட்டும் உறுத்தியது. மிளகு கையை முறுக்க ஆரம்பித்துவிட்டாள், தொண்டையில் கத்தல் கிளம்புகிற உறுமல் கேட்டது.

அம்மா அவள் பக்கம் குனிந்தாள். பிறகு, கிட்டே போகக் கூடாது என்று தோன்றி முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“மிளகு. அம்மா வேண்டாமா?”

“வேண்டாம்.”

அதே ராகம். கோபம்கூட இல்லை, பால் வேண்டாம் என்பது மாதிரி. அம்மா ரோட்டைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிடியை விட்டாள்.

“சரி,” என்றாள்.

எழுந்து, பெஞ்சின் மறுகோடிக்கு, வெயிலில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது பேருக்குத்தான், ரோட்டுப் பக்கம் பாய்ந்தால் பிடிக்க ஒரு காலைத் தயாராக ஊன்றியிருந்தாள்.

மிளகு பாயவில்லை. உறுமல் நின்றது. விடுபட்ட மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவில் காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்தாள். பையைத் திறந்து மூடிகளை எடுத்து அந்த இடத்தில் ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள். அம்மா ஓசைப்படாமல் அழுதுகொண்டு அதைப் பார்த்திருந்தாள். ஐந்தே முக்கால் வருஷத்தில் அந்தப் பெண் நேராக ஒரு ஆளிடம் வாய் திறந்து ஒன்று சொல்லி, சொன்னபடி நடந்தது அன்றைக்குத்தான்.